கலியாண எழுத்து முடிந்தபிறகு: கனடாவுக்குத் துணையை ஸ்பொன்சர் செய்வது

ஊரில் கலியாணம் முடித்துத் திரும்பி வந்து, கணவரையோ மனைவியையோ கனடாவுக்குக் கூப்பிட இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் என் கணவரை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டேன்; பிறகு சித்தியின் மகளுக்கும் பக்கத்தில் இருந்து படிவங்கள் நிரப்பினேன். கட்டாயம் ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும் என்றில்லை. படிவங்கள் ஐஆர்சிசி (கனடாவின் குடிவரவுத் திணைக்களம்) இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், விண்ணப்பிப்பதும் ஒன்லைனில்தான்.

பதினெட்டு வயது நிரம்பிய குடியுரிமைக்காரரோ, கனடாவில் வசிக்கும் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) காரரோ ஸ்பொன்சர் செய்யலாம். நீங்களே துணையின் ஸ்பொன்சரில் வந்தவர் என்றால், பி.ஆர். கிடைத்து 5 வருடம் போக வேண்டும். வெல்ஃபெயர் (அரச உதவிப் பணம்) எடுப்பவருக்கு அனுமதி இல்லை. இயலாமைக்காக எடுப்பவருக்கு விலக்கு உண்டு. கணவன் மனைவியைக் கூப்பிடப் பொதுவாக வருமான வரம்பு கிடையாது, ஆகவே சம்பளம் காணாது என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வருபவருக்கு பி.ஆர். கிடைத்ததிலிருந்து 3 வருடம் அவரின் அடிப்படைச் செலவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது.

கலியாண எழுத்து (பதிவு) எழுதும்போது இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருக்க வேண்டும். ஒருவர் ஃபோனில் இருந்து எழுதிய கலியாணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா ஏற்பதில்லை.

நேரம் எடுத்துச் செய்யவேண்டியது ஐஎம்எம் 5532 என்ற படிவம். உங்கள் உறவு உண்மையானதா என்று அதிகாரி பார்ப்பது இதில்தான். எங்கள் பேச்சுக் கலியாணங்களில் பெண் பார்த்தது, பொருத்தம் பார்த்தது எல்லாம் எங்களுக்குச் சாதாரணம் என்பதால் எழுதாமல் விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். "உறவினர் மூலம் அறிமுகம்" என்ற ஒற்றை வரி போதாது. சித்தியின் மகளுக்கு நாங்கள் எழுதியது இப்படி: மாப்பிள்ளையின் பெரியம்மா சாதகம் அனுப்பினா, பொருத்தம் பார்த்தபிறகு இரு வீட்டாரும் பேசினார்கள், அதன்பிறகு இருவரும் வட்ஸ்அப்பில் கதைக்கத் தொடங்கினார்கள், மோதிரம் மாற்றியது ஊரில், யார் யார் வந்தார்கள், தகப்பனார் ஏன் வர முடியவில்லை. இரண்டு பேரும் சொல்லும் திகதிகள் ஒத்துப்போக வேண்டும். எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள்.

போட்டோ 20 வரைதான். மேடையில் மாலையோடு நிற்பதையே இருபதும் போடாதீர்கள். மாமியார் வீட்டுக் குசினியில் எல்லாரும் சாப்பிடுவது, கோயிலில் நிற்பது, அடுத்த முறை ஊருக்குப் போனபோது எடுத்தது என்று திகதி வித்தியாசமாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள்.

பெயர் விஷயம் தலையிடி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் ஒரு மாதிரி, தகப்பன் பெயர் எங்கே வருகிறது என்பதிலும் குழப்பம். வித்தியாசம் இருந்தால் நீங்களே ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். தமிழ்ப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும்.

பொலிஸ் ரிப்போட் இலங்கையிலிருந்து மட்டும் போதாது. கடந்த 10 வருடத்தில் துணை கட்டாரிலோ சவூதியிலோ தொடர்ந்து 6 மாதமோ கூடவோ இருந்திருந்தால் அங்கிருந்தும் எடுக்க வேண்டும். வேலை விட்டு வந்தபிறகு அதை எடுப்பது இழுபடும், ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள். மெடிக்கல், ஐஆர்சிசி அங்கீகரித்த வைத்தியரிடம் மட்டும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது: பிள்ளைகளை மறைக்காதீர்கள். முந்திய கலியாணத்துப் பிள்ளை, இப்போது வராத பிள்ளை, முன்னாள் மனைவியோடு வளரும் பிள்ளை, எல்லாரையும் எழுதி மெடிக்கலும் செய்விக்க வேண்டும். விட்டுவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையைக் குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாமலே போகலாம். நீங்கள் கனடாவில் லாண்ட் ஆனபோது (பி.ஆர். ஆக வந்திறங்கியபோது) கலியாணமாகாதவர் என்று சொல்லி, எழுத்து அதற்கு முந்திய திகதியில் இருந்தாலும் இதே சிக்கல்தான். அப்படியென்றால் படிவத்தைத் தொடமுன் உரிமம் உள்ள குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். காத்திருக்கும் காலத்தில் பிள்ளை பிறந்தால், துணை விமானம் ஏறமுன் ஐஆர்சிசிக்கு அறிவிக்க வேண்டும்.

மறுத்துவிட்டாலும் இடிந்துபோக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் துணைக்கான விண்ணப்பம் என்றால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், ஆகவே கடிதம் வந்த திகதியை உடனே குறித்துவையுங்கள்.