டென்ட் வாங்கும்போது அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

போன முறை முகாம் போட்டிருந்தபோது, எங்களுக்குப் பத்தடி தள்ளி ஒரு தம்பி தன் புது டென்ட்டுக்குள் துண்டால் தரையைத் துடைத்து வெளியே பிழிந்துகொண்டிருந்தான். விடிகாலை. மழை விட்டிருந்தது. போய் விசாரித்தேன். "அண்ணா, 3000 எம்எம்னு போட்டிருக்கு. நாலு டென்ட்டை ஒப்பிட்டுப் பார்த்து இதை எடுத்தேன். அப்புறம் எப்படித் தண்ணி வந்துச்சு?" என்றான்.

பல வருடங்களுக்கு முன்பு இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. குறைந்த பட்ஜெட்டில், நாலைந்து வருடமாவது உழைக்கிற டென்ட் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகளை எழுதுகிறேன். விமர்சனங்களைப் படியுங்கள், வீட்டில் ஒருமுறை விரித்துப் பழகுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மி.மீ. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று லேபிளில் போடும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டென்ட் துணியில் ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் தண்ணீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். துணியின் மறுபக்கம் துளிகள் தலைகாட்டும்போது இருக்கும் அழுத்தம் எவ்வளவு உயரத் தண்ணீருக்குச் சமமோ, அதுதான் அந்த எண். 3000 மி.மீ. என்றால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் தாங்கும் துணி. நல்ல துணிதான். ஆனால் சோதித்தது துணியைத்தான், டென்ட்டை அல்ல. தையல் இல்லாத, ஜிப் இல்லாத, மடித்துப் பிரித்து நைந்துபோகாத புதுத் துணியில் ஒரு துண்டு.

மேலே விழுகிற மழை அவ்வளவு அழுத்தம் தருவதில்லை. உள்டென்ட்டின் மேல் மழைக்காகப் போர்த்துகிற மேல்துணி 1500 மி.மீ. இருந்து, நன்றாக இழுத்துக் கட்டினால் ஒரு ராத்திரி மழையைத் தாங்கிவிடும். தரைத்துணிக்குத்தான் கூடுதல் வேண்டும், ஏனென்றால் ஈரமண்ணின் மேல் நாம் முட்டி போட்டு அழுத்துகிறோம். அங்கே 3000 இருந்தால் நல்லது. மேல்துணிக்கும் 3000 என்று பெரிதாகப் போட்டு விலையையும் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றால், வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

எங்கே கை வைப்பார்கள் என்பது என் முதல் டென்ட்டில் ஒரே ராத்திரியில் தெரிந்தது. அதன் மேல்துணி உச்சியில் குல்லா மாதிரி சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே கூரையின் பாதி வெறும் கொசுவலை. மழை நேராகப் பெய்கிற வரை ஒன்றும் இல்லை. நள்ளிரவுக்குமேல் காற்று திரும்பியது. குல்லாவுக்கு அடியில் சாரல் புகுந்து, வலை வழியாக மாவு சலித்தது போல முகத்தில் இறங்கியது. எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னொரு கூத்து. தலைமாட்டு மூலையில் இரண்டு தையல்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு துளி ஊறி நின்றது. அது நூலைப் பிடித்துக்கொண்டே மெல்ல நகர்ந்து, அடுத்த துளியோடு சேர்ந்து, கனம் தாங்காமல் தூக்கப்பையின் மேல் விழுந்தது. விரலால் துடைத்தேன். பத்து எண்ணுவதற்குள் அடுத்த துளி. இத்தனைக்கும் துணியின் பரப்பில் ஒரு சொட்டு இல்லை. உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். லேபிளில் பொய் எதுவும் இல்லை. துணி சொன்னபடி நடந்துகொண்டது. ஆனாலும் கூட வந்த நண்பன் காய்ச்சலோடு, நனைந்த தூக்கப்பைக்குள் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். அந்த டென்ட்டை அதற்குப் பிறகு நான் விரிக்கவே இல்லை. போட்ட பணம் மொத்தமும் தண்டம்.

அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மேல்துணி எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். நாலு பக்கமும் தரைக்கு ஒரு சாண் உயரம் வரையாவது வர வேண்டும். படத்தில் உள்டென்ட்டின் சுவர் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால், அது குல்லாதான். அடுத்தது, மேல்துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கத் தையல்களைப் பாருங்கள். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. ஒரு டென்ட்டில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை மூடுவதற்காகத் தையல் நெடுக விரலகலத்துக்குப் பளபளப்பாக ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். அதன் ஓரத்தை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். புதிதிலேயே தூக்கிக்கொண்டு வந்தால் அந்த டென்ட் வேண்டாம். நேர்த் தையலில் ஒழுங்காக ஒட்டிவிட்டு, தையல்கள் கூடும் மூலைகளில் விட்டுவிடுவதும் உண்டு. அந்தத் தம்பியின் டென்ட்டைத் திருப்பிக் காட்டினேன். மூலை நான்கிலும் டேப் இல்லை.

டேப் இல்லாத டென்ட்டை வாங்கவே கூடாது என்றும் இல்லை. தையலில் பூசுவதற்கென்றே பசை கிடைக்கிறது. ஒரு பிரஷ்ஷும் ஒரு மதியமும் போதும். ஆனால் துணியின் பூச்சு எது என்று தெரிந்து பூசுங்கள். சிலிக்கான் பூச்சில் சிலிக்கான் பசைதான் பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சுக்கு உரிய பசையை அதன்மேல் பூசினால் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும்.

தரைத்துணியும் தொட்டி போல ஓரங்களில் 10 முதல் 15 செ.மீ. வரை சுவரில் ஏறி நிற்க வேண்டும். சுவரையும் தரையையும் இணைக்கும் தையல் தரையோடு தரையாக ஓடினால், ஓடிவரும் மழைத்தண்ணீர் நேராக அதில்தான் மோதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி துடைத்த தண்ணீரில் ஒரு பங்கு மழையே இல்லை. அது ஒற்றைச் சுவர் டென்ட், அதாவது உள்டென்ட் தனி, மேல்துணி தனி என்று இல்லாமல் ஒரே அடுக்குத் துணி. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடிவிட்டு இரண்டு பேர் தூங்கியிருக்கிறார்கள். மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி, சுவர் வழியாக இறங்கித் தரையில் தேங்கியிருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாத பூச்சு, உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. எண் பெரிதாக இருந்தால் இது குறையப்போவதில்லை. உள்ளே வலைச்சுவர், வெளியே தனி மேல்துணி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி, உச்சியில் காற்றுத் திறப்பு. இப்படி இருந்தால் துளிகள் மேல்துணியின் உள்பக்கமாகவே வழிந்து வெளியே போய்விடும். மழை பெய்தாலும் அந்தத் திறப்பை மூடாதீர்கள்.

வாங்கியதும் டென்ட்டை விரித்து, தோட்டக் குழாயால் அரை மணி நேரம் மேலிருந்தும் பக்கவாட்டிலும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, காய்ந்தபின் அங்கே பசை பூசுங்கள்.

"2 பேர்" என்றால் 2 பேர் என்று நினைப்பது

முகாமில் ஒருவர் படுக்கும் விரிப்பின் அகலம் 50 முதல் 65 செ.மீ. இரண்டு பேருக்கான டென்ட்டின் அகலம் பெரும்பாலும் 130 செ.மீ. சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். அதாவது இரண்டு விரிப்பு போட்டால் சுவருக்குச் சுவர் சரியாகிவிடும். பைகளுக்கு இடமில்லை. தூக்கத்தில் புரண்டால் ஈரச் சுவரில்தான் படுவீர்கள். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் மூன்று பேர் டென்ட் எடுங்கள். உயரமானவர்கள் நீளத்தையும் பாருங்கள். சுவர் சாய்வாக இறங்குவதால், லேபிளில் உள்ள நீளம் முழுவதும் படுக்கக் கிடைக்காது.

கம்பியைக் கவனிக்காமல் விடுவது

விலை குறைந்த டென்ட்டுகளில் பெரும்பாலும் ஃபைபர் கம்பிதான் வரும். அது அடங்கிய காற்றில் தாங்கும். பலத்த காற்றில் அது வளைந்துகொண்டே போய்த் திடீரென்று நார்நாராகப் பிளந்துவிடும், பெரும்பாலும் இரண்டு துண்டுகள் சேரும் உலோகப் பூணுக்குப் பக்கத்தில். பிளந்த முனை மேல்துணியையும் கிழிக்கும். அதன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. அலுமினியக் கம்பி பெரும்பாலும் உடைவதற்கு முன் வளைந்து காட்டும். வளைந்த இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகி டேப் சுற்றினால் மீதி நாட்களை ஓட்டிவிடலாம். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதைத் துணியின் எண்ணில் போடாமல் அலுமினியக் கம்பியில் போடுங்கள். ஃபைபர்தான் கட்டுப்படியாகும் என்றால் தடிமனானதாகப் பாருங்கள், ஒரு துண்டு உதிரியாகவும் வாங்கி வையுங்கள். மடிக்கும்போது கம்பியை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மடியுங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு சீராக இழுபடும்.

நைலான்தான் உசத்தி என்ற எண்ணம்

எடை குறைவு, உண்மைதான். ஆனால் நனைந்தால் நைலான் தளர்ந்து தொய்யும், நடுராத்திரியில் எழுந்து இழுகயிறுகளை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். பாலியஸ்டர் அந்த அளவுக்குத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். முதுகில் சுமந்து நாள்கணக்கில் நடக்காதவர்களுக்குப் பாலியஸ்டரே போதும்.

டென்ட்டை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்க, கூடவே வரும் முளைகள்

மாற்றிவிடுங்கள்.

டென்ட்டைவிடப் பெரிய அடிவிரிப்பு

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரை வாங்கி உங்களுக்கு அடியில் விடும். நாலு பக்கமும் இரண்டு விரலகலம் சிறியதாக இருக்கட்டும்.

தூக்கிப் போட்டால் தானே விரியும் டென்ட்

பகலில் நிழலுக்கு மட்டும்.

பழைய டென்ட்டை முகர்ந்து பார்க்காமல் வாங்குவது

குறைந்த செலவில் உழைக்கும் டென்ட் வேண்டுமென்றால், தரமான டென்ட்டைப் பழையதாக வாங்குவதுதான் என்னைக் கேட்டால் சிறந்த வழி. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்த டென்ட்டில் பாலியூரித்தேன் பூச்சு மெல்லச் சிதையும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. என் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை மலிவாக வாங்கிவந்து என் முன்னால்தான் பிரித்தார். மேல்துணி தன்மேல் தானே ஒட்டிக்கொண்டு, டேப்பை உரிப்பது போன்ற சத்தத்தோடு பிரிந்தது. வாந்தி வாடை. உள்பக்கத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, ஓரங்களில் பொடுகு போல உதிர்ந்தது. துவைத்தால் இது சரியாகாது. எனவே பழைய டென்ட்டை முழுதாகப் பிரிக்கச் சொல்லி, மேல்துணியின் உள்பக்கத்தையும் தரைத்துணியையும் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பிரிக்க முடியாது என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

புது டென்ட்டுக்கும் இதே கதி வரலாம். எவ்வளவு அலுப்பாக வீடு திரும்பினாலும், டென்ட்டை நிழலில் கொடியில் போட்டுவிட்டுத்தான் நான் மற்ற வேலை பார்ப்பேன். துணி சீக்கிரம் காய்ந்தது போலத் தெரியும். தையல் மடிப்புகளும் தரைத்துணியின் மூலைகளும் கடைசியில்தான் காயும். அந்த மூலைகளை விரலால் பிடித்துப் பார்த்து, குளிர்ச்சி தட்டவில்லை என்றால்தான் மடிப்பேன். அதையும் அது வந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு வைக்கிறேன்.