முதியோர் இல்லங்களில் நினைவுகூரல் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியவர்கள் ஓயாமல் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்துபோனதன் அடையாளமாகவே மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் எழுதிய கட்டுரையொன்று அந்தக் கருத்தை மறுத்தது. இறுதிக்காலம் நெருங்குவதை உணரும் மனிதர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதும், அதிலுள்ள தீராத கணக்குகளோடு மல்லுக்கட்டுவதும் இயல்பானவை, பல சமயங்களில் பயனுள்ளவை என்று அவர் வாதிட்டார். பழைய புகைப்படம், பாட்டு, புழங்கிய பொருள் போன்றவற்றைத் தூண்டுகோலாகக் கொண்டு முதியவர்களைப் பேசவைக்கும் நினைவுகூரல் சிகிச்சை அடுத்த இருபது ஆண்டுகளில் உருப்பெற்றது. இதற்குப் பெரிய கருவியோ செலவோ தேவையில்லை. ஆயத்தமே இல்லாமல் இதில் இறங்கிவிடுகிறவர்கள் பெருகியதற்கும் அதுவே காரணம்.

இதனால் மறதி நோய் குணமாகும் என்று குடும்பத்தாரிடம் சொல்வது முதல் தவறு. மறதி நோய் உள்ளவர்களைப் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பலன்கள் பெரும்பாலும் சிறியவை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பவையல்ல என்றே கூறியது. பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதற்கான அறிகுறி மட்டும் ஓரளவு தெரிந்தது. தனிமையைப் பொறுத்தவரை நாம் எதிர்பார்க்க வேண்டியதும் வேறுதான். இல்லத்தில் இருப்பவருக்கு நினைவுகள் குறைவில்லை. தாம் யார், எப்படி வாழ்ந்தவர் என்பதை அறிந்த ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை என்பதே அவருடைய குறை. ஆகவே அமர்வு முடிந்த பிறகு அடுத்த கட்டில்காரரோ, குளிப்பாட்டிவிடும் ஆயாவோ அவரைப் புதிதாக அறிந்துகொண்டார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் நேர்பவை.

காலத்தைத் தவறாகக் கணிப்பது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. முதியவர் என்றாலே இராட்டையையும் சுதந்திரப் போராட்டப் படங்களையும் எடுத்து வந்துவிடுகிறார்கள். 1946இல் பிறந்தவருக்குச் சுதந்திரம் கிடைத்தபோது ஒரு வயது. மனிதருக்கு முதுமையில் மிகத் தெளிவாக நினைவுக்கு வருபவை பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வகையில் இவருடைய காலம் 1956 முதல் 1976 வரை. 1957 ஏப்ரலில் அணாக்கணக்கு போய் நயா பைசா வந்தபோது கடைக்குச் சென்று திணறிய சிறுவர் இவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோதும், அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டபோதும் இளைஞர். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது அநேகமாகக் குடும்பஸ்தர். பிறந்த ஆண்டோடு ஊரையும் தொழிலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மீனவக் குப்பத்தில் வளர்ந்தவரின் முன் ஏர்க்கலப்பைப் படத்தை வைத்துவிட்டு, அவர் பேசவில்லை என்று குறிப்பெழுதுவது நியாயமாகாது. படத்தைவிடக் கையில் பிடிக்கும் பொருள் நன்றாக வேலை செய்கிறது. ஓர் உழக்கையும் கொஞ்சம் அரிசியையும் ஒரு மூதாட்டியிடம் கொடுத்தால், அவர் அதை முகந்து விளிம்போடு உள்ளங்கையால் வழித்துவிட்டு, “எங்க மாமியார் இப்படித் தலைதட்டித்தான் அளப்பாங்க, கூலிக்கு வந்தவங்களுக்கு நான் மட்டும் குவிச்சுப் போடுவேன்” என்று தொடங்கக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு வீட்டின் அதிகாரமும் ஒரு மருமகளின் சிறு கலகமும் வந்துவிடுகின்றன.

அமர்வைத் தேர்வுக்கூடம் ஆக்கிவிடுவது அடுத்த தவறு. “இது யாருன்னு தெரியுதா பாட்டி?”, “அது எந்த வருஷம் சொல்லுங்க” என்று கேட்டவுடன், விடை வராத முதியவர் சபையில் தலைகுனிகிறார், அடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்கிறார். பெயரையும் தேதியையும் கேட்காமல், “அந்தக் காலத்தில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் என்ன நடக்கும்?” என்பதுபோல், எந்தப் பதிலும் சரியாகவே இருக்கும்படிக் கேட்க வேண்டும். அவர் சொன்ன ஆண்டு பிழை என்று திருத்துவதும், போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே என்று மடக்குவதும் யாருக்கும் நன்மை தராது. நாம் வரலாறு தொகுக்க உட்காரவில்லை.

பழைய நினைவு என்றாலே இனிமை என்று எண்ணிவிடுவது இவற்றிலெல்லாம் ஆபத்தானது. கல்யாணப் படத்தைப் பார்த்து மகிழ்வார் என்று நாம் நினைக்கும் பெண், இருபது வயதில் தாலியறுத்தவராக இருக்கலாம். “உங்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு?” என்பது நமக்குச் சாதாரண விசாரிப்பு, ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும் என்பதை வாழ்நாளெல்லாம் அனுபவித்தவர், அந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்த அதே எச்சரிக்கையோடுதான் பதில் சொல்வார், அல்லது காது கேட்காததுபோல் இருந்துவிடுவார். பள்ளிக்கூட நினைவைக் கேட்பதிலும் இதே கண்ணி உண்டு, ஏனெனில் பள்ளிக்கே அனுப்பப்படாத பெண்கள் அந்த வட்டத்தில் இருப்பார்கள். பேச மறுக்கும் உரிமை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அதற்காகக் கண்ணீரைக் கண்டு பதறிப் பேச்சை மாற்றுவதும் கூடாது. இறந்துபோன பிள்ளையைப் பற்றிச் சொல்லி அழுபவர், நெடுநாள் கழித்து அதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததால் அழுதிருக்கலாம். பக்கத்தில் அமைதியாக இருந்து, அவரே நிறுத்தும்வரை கேட்டு, அன்று மாலை மறுபடி ஒருமுறை போய்ப் பார்ப்பதே முறை. ஆனால் ஒரே குற்றவுணர்வையோ ஒரே கசப்பையோ வாரந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லி, உணவும் உறக்கமும் குறைந்து வாடுபவருக்குக் கூட்டு அமர்வு போதாது. அது நினைவின் சுழலில் சிக்கிய மனச்சோர்வாக இருக்கலாம் என்பதால், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடத்தையும் நேரத்தையும் கவனிக்காமல் விடுவது அற்பமாகத் தோன்றினாலும் பல அமர்வுகள் அதனால்தான் வீணாகின்றன. மின்விசிறி இரைச்சலில், மதியச் சாப்பாடு முடிந்த தூக்கக் கலக்கத்தில், முப்பது பேரை வரிசையாக உட்காரவைத்து ஒலிபெருக்கியில் பேசினால் அது கூட்டம், சிகிச்சை அன்று. ஆறு முதல் எட்டுப் பேர், வட்டமாக, காலை வேளையில், முக்கால் மணி நேரம் போதும். மூக்குக்கண்ணாடியும் காது கருவியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் பேச ஆரம்பித்தால் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்பவர்களாக மாறிவிடும் இல்லங்களில், முதல் சில வாரங்களாவது தனித்தனியாக நடத்துவது நல்லது.

உலக முதியோர் நாளான அக்டோபர் 1 அன்று கேக், பாட்டுக் கச்சேரி, சால்வை என்று வந்து, நிறையப் பேசவைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு மறைந்துவிடும் வழக்கத்தைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. மனம் திறந்து பேசிய முதியவர் அடுத்த வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றால், அந்த வருகை அவருடைய தனிமையைக் கூட்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை, அதே ஆட்கள், அதே நடத்துநர் என்று குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது தொடர முடியாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். அங்கே எடுத்த படங்களையும் கேட்ட குடும்ப ரகசியங்களையும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதைத் தவறு என்று சொல்வதுகூடக் குறைவு.

மகனையோ மகளையோ கட்டாயப்படுத்தி அமர்வில் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஓர் ஊகமே. மறதி நோய் உள்ளவர்களையும் அவர்களை வீட்டில் பராமரிப்பவர்களையும் சேர்த்து, பிரிட்டனில் 488 இணைகளைக் கொண்டு நடந்த ஆய்வில் நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பராமரிப்பவர்களின் பதற்றமோ கூடியிருந்தது. வர விரும்புபவர்கள் வரட்டும்.

அமர்வில் வெளிப்பட்டதை நடத்துநர் தம் குறிப்பேட்டிலேயே பூட்டி வைப்பது மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு. நாற்பது ஆண்டு டீக்கடை நடத்தியவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நடமாடுவதை இரவுப் பணியாளர் தொந்தரவாகப் பார்க்கிறார் என்றால், அது அந்தக் கடையின் நேரம் என்பதை, அவருடைய சம்மதத்தோடு, பணியாளருக்குச் சொல்லியாக வேண்டும். இதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அளவில் பிடித்த பெயர், செய்த தொழில், பேச விரும்பும் விஷயம், தொடக்கூடாத விஷயம் ஆகியவற்றை எழுதி, பணிப் பதிவேட்டோடு வைத்துவிடலாம். அமர்வுத் தொடர் முடியப்போகும் தேதியை இரண்டு வாரம் முன்பே முதியவர்களிடம் சொல்லி, அதன்பின் அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பேச்சைத் தொடரப்போகும் பணியாளர் யார் என்பதையும் அவர்கள் முன்னிலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.