குன்னூர்க் குளிரில் ஒரு கடல் மீன் தொட்டி: கையைக் கடிக்காத செலவில்

கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும் கோயம்புத்தூர் நண்பர்கள் முதலில் பயமுறுத்தியது ‘சில்லர்’ என்கிற தண்ணீர் குளிரூட்டும் பெட்டியைச் சொல்லித்தான். சமவெளி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர வைக்கும் அந்த ஒரு பெட்டியின் விலையில் மற்ற எல்லாச் சாமானையும் வாங்கிவிடலாம். குன்னூரில் நமக்கு அந்தச் செலவே கிடையாது. ஆனால் மலைக்கென்று வேறு சில கணக்குகள் இருக்கின்றன. நான் தடுக்கி விழுந்து கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் போதும். கல் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதில் உப்பும் சூடும் ஒரே நாளில் ஏறி இறங்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு ஆகாது. பழைய தொட்டியே வாங்குங்கள். நன்னீர் மீன் வளர்த்து அலுத்துப்போன யாராவது பரணில் போட்டு வைத்திருப்பார்கள். செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்து, நீர் நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியதுண்டா என்றும் கேளுங்கள். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம்.

2. ஹீட்டர்

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. 150 வாட்டில் ஒன்று வாங்காமல் 75 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஹீட்டர் கெட்டால் ஒன்று நின்றுபோகும், இல்லை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒன்று நின்றால் மற்றது விடியும்வரை தாங்கும். ஒன்று அணையாமல் போனாலும் 75 வாட்டுக்கு மீன் வெந்துவிடாது. அடியிலும் பின்னாலும் இரு பக்கமும் தெர்மாகோல் ஒட்டி, மேலே மூடி போட்டு ஓர் ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

டிசம்பர் இரவில் என் வீட்டுக்குள்ளேயே 12, 13 டிகிரிதான். தண்ணீர் 25 டிகிரியில் நிற்க வேண்டும். இரண்டு ஹீட்டரும் நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. ஆக, இலவச 100 யூனிட்டையும் மீனே சாப்பிட்டுவிடும். பில் வருவதற்கு முன்பே வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

3. நீரோட்டம்

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், அந்த அளவுக்குத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அதனால் தண்ணீருக்குள்ளேயே ஓடி நீரோட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டாரான பவர்ஹெட்டின் வாயை மேல்மட்டத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். தண்ணீரின் மேல்மட்டம் எப்போதும் குலுங்கி அலையடிக்க வேண்டும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இப்போதைக்கு வேண்டாம்.

4. உப்புத் தண்ணீர்

மளிகைக் கடைக் கல் உப்பு உதவாது. கடல் நீரில் கால்சியம், மெக்னீசியம் என்று இன்னும் பல உண்டு. மீன் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். தண்ணீர் வீட்டு ஆர்ஓ இயந்திரத்திலிருந்து எடுத்தால் போதும். தண்ணீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 20-க்குள் காட்டுகிறதா என்று பாருங்கள். மலைத் தண்ணீர் மென்மையானதுதான், ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மழை பெய்த மறுநாள் கலங்கலும் சேரும்.

10 லிட்டருக்கு 360 கிராம் உப்பு. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு நாள் பவர்ஹெட் ஓடட்டும். அப்புறம் ஹைட்ரோமீட்டரில், அதாவது நீரின் அடர்த்தியை வைத்து உப்பின் அளவைக் காட்டும் மிதவையில், 1.025 வர வேண்டும். தண்ணீரை 25 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே அளந்து பாருங்கள். நான் காலைக் குளிரில் பக்கெட்டில் அளந்துவிட்டு, சரி, சரியாக இருக்கிறது என்று ஊற்றிவிட்டேன். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடினது, அதனால் மிதவை பொய் சொல்லும். தொட்டியில் சூடான பிறகு பார்த்தால் 1.022 கூட முழுதாக இல்லை.

5. கல்

ராமேஸ்வரம் போனால் பவளக் கல் பொறுக்கி வரலாம் என்று ஒருவராவது யோசனை சொல்வார். வேண்டாம். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; செத்துக் காய்ந்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். எரிமலைக் கல்லோ சுட்ட பீங்கான் கல்லோ 5, 6 கிலோ போதும். மணல் போடாமலே விட்டாலும் குறையில்லை.

6. காத்திருப்பு

நைலான் சாக்ஸ் துண்டில் ஒரு பச்சை இறாலைக் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்னும் பாக்டீரியா கல்லில் குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும்.

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். காலித் தொட்டிக்கு எதற்கு ஹீட்டர் என்று அணைத்து வைத்தேன். ஆறு வாரம் கழித்தும் அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாகவே நின்றது. தண்ணீர் 14 டிகிரியில் கிடந்தால் பாக்டீரியா எப்படிப் பெருகும்? ஹீட்டரைப் போட்டு மறுபடி முதலிலிருந்து. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்டிய பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் மீன்.

7. மீன்

ஒரு ஜோடிக் கோமாளி மீன், அவ்வளவுதான். பண்ணையில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும். நீல டாங் அழகுதான், ஆனால் ஓர் அடிவரை வளரும் மீனை இதில் அடைக்க முடியாது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் பலூனாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் அடைத்த மீன் பையும் அப்படித்தான் உப்பும். பையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டி, இரட்டைப் பையாகத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே துணி சுற்றிய ஒரு வெந்நீர் பாட்டிலும். வீட்டில் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் வேண்டாம்.

8. அன்றாட வேலை

கண்ணாடியில் நீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும். வாரம் ஒருமுறை 6 லிட்டர் எடுத்துவிட்டு, அதே சூட்டில் புது உப்புத் தண்ணீர்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். மேலே இடைவெளி விட்டுத் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, அடுப்பில் தண்ணீர் காய்ச்சி இரண்டு பாட்டிலில் அடைத்து மிதக்கவிடுங்கள். பாட்டில் ஆறினதும் மாற்ற வேண்டும், அதனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கொஞ்சம் கெடும்.