மூணு டீச்சிங் மெத்தடை ஒப்பிடணுமா? டி-டெஸ்ட்டை தள்ளி வைங்க

எம்.எட். தீசிஸ் பண்றவங்க நிறைய பேர் லெக்சர், குரூப் டிஸ்கஷன், வீடியோன்னு மூணு மெத்தட் எடுத்துட்டு ரெண்டு ரெண்டா மூணு டி-டெஸ்ட் (ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிடற டெஸ்ட்) போட்டுடறாங்க, அப்படி போட்டா ஒவ்வொண்ணுலயும் இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்ற 5% தப்பு வாய்ப்பு சேர்ந்து சேர்ந்து கிட்டத்தட்ட 14% வரைக்கும் போயிடும். அதுக்குத்தான் அனோவா (மூணு, அதுக்கு மேல குரூப் சராசரிகளை ஒண்ணா ஒப்பிடற டெஸ்ட்), ஒரே டெஸ்ட்ல முடிஞ்சுது.

குரூப்புக்கு 30 பேர்னா மொத்தம் 90, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2 (3 குரூப்ல 1 கழிச்சு), 87 (90 பேர்ல 3 கழிச்சு). அனோவா தர்ற எஃப் வேல்யூ சுமார் 3.10 தாண்டினா வித்தியாசம் இருக்குன்னு எடுத்துக்கலாம். ஆனா எந்த மெத்தட் பெஸ்ட்னு எஃப் சொல்லாது, அதுக்கு மெத்தட்களை ஜோடி ஜோடியா ஒப்பிடற டூக்கி டெஸ்ட் தனியா போடணும், இதை விட்டுட்டு வைவாவுக்கு போனா முதல் கேள்வியே அதான் வரும்.

குரூப்களோட மார்க் சிதறல் சமமா இருக்கான்னு பாக்கற லெவீன் டெஸ்ட்ல பி வேல்யூ 0.05க்கு கீழ வந்தா (சமமா இல்லைன்னு அர்த்தம்) பயப்படாதீங்க, எஸ்.பி.எஸ்.எஸ். சாஃப்ட்வேர்ல ஒன்வே அனோவா ஆப்ஷன்ஸ்லயே சிதறல் சமமா இல்லாதப்போ போடற வெல்ச் டெஸ்ட் இருக்கு, டிக் பண்ணிட்டு டூக்கிக்கு பதிலா அதே மாதிரி சிதறல் சமமா இல்லாதப்போ போடற கேம்ஸ்-ஹோவெல் பாருங்க.

இன்னொண்ணு, ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன்னு இருக்கிற கிளாஸையே அப்படியே எடுத்தீங்கன்னா ஆரம்பத்துலயே ஒரு செக்‌ஷன் நல்லா படிக்கிற பசங்களா இருக்கலாம், அதனால ப்ரீடெஸ்ட் (பாடம் நடத்துறதுக்கு முன்னாடி வைக்கிற டெஸ்ட்) மார்க்கை கோவேரியேட்டா, அதாவது கணக்குல சேர்த்து சரிக்கட்டற அளவா வச்சு அன்கோவா (அப்படி சரிக்கட்டின அனோவா) போடுங்க.