துணி மூட்டையும் கணக்குப் புத்தகமும்: ஏழைகளுக்கான கிறிஸ்தவ நிவாரண நிதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, மேற்கே நகர்ந்து, கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை மறித்துவிட்டுப் போன பின், எங்கள் சபைக் கூடத்தில் துணி மூட்டைகள் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்தன. சபை நிவாரணக் குழுவின் பொருளாளர் என்ற முறையில் நானும், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நால்வரும் மூன்று நாள் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம். ஜரிகை உதிர்ந்த பட்டுப் பாவாடைகள், பொத்தான் இல்லாத பள்ளிச் சீருடைகள், ஒற்றைக் காலணிகள், யாரோ கல்யாணத்துக்கு ஒருமுறை போட்ட கோட்டு ஆகியவை இருந்தன. மலைக்குளிருக்கு உதவும் கம்பளி பதினொன்றுதான் தேறியது. அந்த மூட்டைகளை வத்தலகுண்டிலிருந்து மலையேற்றிய லாரி வாடகைக்கு, திண்டுக்கல் மொத்தக் கடையில் புதுக் கம்பளியே வாங்கியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். நிவாரண நிதியில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை களவால் நேர்வதில்லை. கொடுப்பவருக்கு எது வசதி, எதில் அவருக்கு மனநிறைவு என்பதைப் பார்த்துத் திட்டம் போடுவதாலேயே நேர்கின்றன. சபைகளும் சிறு அறக்கட்டளைகளும் அடிக்கடி விழும் குழிகளை இங்கே எழுதுகிறேன். அவற்றுள் சிலவற்றில் நானே விழுந்திருக்கிறேன்.

பொருளாகக் கொடுப்பதில் உள்ள முதல் சிக்கல், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்காமல் கொடுப்பது. அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு ஜீப்பில் அரிசி மூட்டைதான் போகிறது. ஒரு குடியிருப்பில் ஒருமுறை, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றார் ஒரு தாய். பழங்குடியினருக்கான அந்தச் சான்றிதழைத் தருபவர் கோட்டாட்சியர். அவர் அலுவலகத்துக்கு நான்கைந்து முறை போய்வரப் பேருந்துக் கட்டணமும், போகிற ஒவ்வொரு நாளும் இழக்கிற தோட்டக் கூலியும்தான் அந்தக் குடும்பத்தின் தடை. ஓர் அரிசி மூட்டையின் விலைக்குள் தீர்ந்துபோகும் காரியம் அது. ஆனால் பேருந்துக் கட்டணத்துக்காக எவரும் காணிக்கை உறை எழுதித் தருவதில்லை.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு தவறு, நிர்வாகச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை என்று பெருமையாக அறிவிப்பது. மலையில் இந்தக் கூற்று நடைமுறைக்கே ஒவ்வாது. சாலை எட்டாத ஊர்களுக்குக் குதிரையில் மூட்டை ஏற்றுகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கணக்கு எழுதுபவருக்கும், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வரும் கிராமப் பணியாளருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். இவற்றைத் திட்டத் தொகைக்குள் வெளிப்படையாகக் காட்டாத அமைப்பு, வேறு தலைப்பின்கீழ் ஒளித்துவைக்கப் பழகிவிடும், அல்லது அந்த வேலையைச் செய்யாமலே விட்டுவிடும். கட்டடத்துக்கு நன்கொடை எளிதாக வருவதும், கட்டிய பின் அதை நடத்தப் பணம் வராததும் இதே மனப்போக்கின் விளைவுதான். கல்வெட்டில் பெயர் பொறித்த கழிப்பறை ஒன்றை ஒரு குடியிருப்பில் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் வராததால் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். மழைக்கு நனையாமல் விறகு வைக்க நல்ல இடம்தான்.

பேரிடர் நிவாரணத்தில், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணத்தைக் கேளாமல் வேறு காரியத்துக்குத் திருப்புவது பெரும் தவறு. 2004 சுனாமிக்குப் பின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தங்களால் செலவிடக் கூடிய அளவுக்கு மேல் சுனாமி நன்கொடை வந்துவிட்டதாகச் சில நாட்களிலேயே அறிவித்து, மிகுந்த தொகையை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தக் கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. அது கிறிஸ்தவ அமைப்பு அன்று. ஆயினும் நம் சபைகள் கற்க வேண்டிய நேர்மை அதில் இருக்கிறது. நோட்டீஸ் அச்சிடும்போதே, தேவைக்கு மேல் வரும் தொகை எதற்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

நிவாரணத்தோடு மதமாற்ற நிபந்தனையைக் கோப்பது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1876–78இல் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியபோது, மிஷன்கள் கஞ்சி ஊற்றிய இடங்களில் மக்கள் திரளாகச் சபையில் சேர்ந்தார்கள். அது விசுவாசத்தால் வந்ததா, வயிற்றால் வந்ததா என்ற கேள்வியை மிஷனெரிகளே தங்களுக்குள் விவாதித்தார்கள்; அந்தக் கேள்வி இன்றுவரை நம்மைத் துரத்துகிறது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வகுத்த நிவாரண நடத்தை நெறிமுறை, உதவி என்பது தேவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, இனம், சமயம், நாடு பாராமல் தரப்பட வேண்டும் என்றும், எந்த அரசியல், சமய நிலைப்பாட்டையும் பரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இதை முன்மொழிந்தவர்களில் காரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகிய கிறிஸ்தவ அமைப்புகளே இருந்தன என்பதை, இது நமக்கு வெளியாரிட்ட கட்டுப்பாடு என்று முணுமுணுப்பவர்கள் அறிய வேண்டும். ஜெபக் கூட்டத்துக்கு வந்தவருக்கு மட்டும் டோக்கன் என்ற ஏற்பாட்டை இந்த மலையிலும் பார்த்திருக்கிறேன். வரிச் சட்டப்படி பார்த்தாலும், ஒரு மதத்தாருக்கு மட்டுமே பயன்தர அமைந்த அறக்கட்டளையின் நன்கொடையாளருக்கு 80ஜி சலுகை (கொடுத்த தொகைக்கு வருமான வரியில் பெறும் கழிவு) கிடையாது.

80ஜி பற்றிச் சுருக்கமாக: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அந்த ரொக்கத்துக்குச் சலுகை இல்லை, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே அது பயன்படும். 2021–22 நிதியாண்டு முதல், அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து இணையத்தில் எடுத்துத் தரும் சான்றிதழ் வேண்டும். கையால் எழுதிய ரசீது போதாது.

வெளிநாட்டுப் பணத்தில் அறியாமையால் நேரும் தவறுகள் அதிகம். கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட மகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, ஆதரவற்றோர் இல்லத்துக்கென்று ரூபாய் நோட்டாகவே கையில் கொடுத்தாலும், சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டு நன்கொடைதான். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படியன்று. நாணயம் எது என்பதைவிடக் கொடுப்பவரின் குடியுரிமை எது என்பதே முக்கியம். 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற அமைப்பு அத்தகைய பணத்தை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேறோர் அமைப்புக்கு அதைக் கைமாற்றவும் கூடாது. பெரிய அமைப்பொன்று வாங்கி மலைக்கிராமச் சிறு சங்கங்களுக்குப் பிரித்துத் தரும் பழைய வழி இந்தக் கடைசி விதியால் அடைபட்டது. தெரியாமல் இன்னும் அப்படிச் செய்கிறவர்கள் பதிவையே இழக்க நேரிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு கண்ணி உண்டு. 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, உள்ளூர் அறக்கட்டளைப் பணத்தை அங்கே அனுப்பலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். இந்திய அறக்கட்டளையொன்று தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால், முன் ஒப்புதல் இல்லாதவரை, அத்தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. நல்ல மனத்தோடு கேட்ட அவருக்கு அதை விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

ஒரே ஊற்றை நம்பியிருப்பதன் விலையை 2017 மார்ச் மாதம் காட்டியது. வெளிநாட்டுப் பணம் பெற முன் அனுமதி தேவை என்ற பட்டியலில் வைக்கப்பட்டபின், அமெரிக்கக் கிறிஸ்தவக் குழந்தைநல அமைப்பான கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவில் தன் பணியை முடித்துக்கொண்டது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த மாத உதவி நின்றது. அரசின் முடிவு சரியா என்பது வேறு விவாதம். உள்ளூரில், சமைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசிக் காணிக்கையும், படைத்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை ஏலமும் மெல்லவாவது ஊறிக்கொண்டிருந்த சபைகள் சில பிள்ளைகளையாவது பள்ளியில் தக்கவைத்திருக்க முடியும். மன்னவனூர் கேரட் கட்டு ஒன்று ஏலத்தில் சந்தை விலைக்குப் பத்து மடங்கு போவதைப் பார்த்தவர்களுக்கு, மலையில் பணமே இல்லை என்ற பேச்சு சிரிப்பைத்தான் தரும்.

கடைசியாக, வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்ற வசனத்தைக் காட்டிக் கணக்கு கேட்பவரை அடக்கும் வழக்கம். அந்த வசனம் கொடுப்பவரின் தம்பட்டத்தைக் கண்டிக்கிறது; பிறர் பணத்தைக் கையாள்பவருக்கு அது விதிவிலக்குத் தரவில்லை. எருசலேமின் ஏழைகளுக்கென்று பல ஊர்ச் சபைகளில் திரட்டிய பணத்தைப் பவுல் தனியே எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டியே அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து யாரும் குறைசொல்ல இடம் கொடாதபடி அப்படிச் செய்வதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். நாம் நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்புகிறோம், தணிக்கையாளருக்குப் புத்தகம் காட்டுகிறோம். யாருக்காகச் செலவிட்டோமோ அவர்களிடம் மட்டும் காட்டுவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பில் கணக்கை வாசித்துக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கினோம். விதை, மருந்து, பாய் என்று ஒவ்வொன்றாக வாசித்து ஜீப் வாடகைக்கு வந்தபோது, பின்வரிசையில் குந்தியிருந்த ஒரு பெரியவர், “எவ்வளவுன்னு சொன்னீங்க சாமி?” என்று மறுபடி கேட்டார். திரும்பவும் வாசித்தேன். பண்ணைக்காட்டிலிருந்து காப்பி மூட்டை ஏற்ற வரும் ஜீப் வருகிறபோது காலியாகத்தான் வருகிறது, அதில் ஏன் வரவில்லை என்று கேட்டார். எங்கள் குழுவில் எவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அடுத்த மாத ரசீதில் 700 ரூபாய் குறைந்திருந்தது. அதை வாசித்தபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.