ரொறன்ரோவுக்குப் புதியவரா? ஹொக்கியைப் பின்களத்திலிருந்து பாருங்கள்

சுகாதார அட்டைக்கும் சமூகக் காப்புறுதி எண்ணுக்கும் எங்கே போக வேண்டும் என்று உறவினர் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை காலை வேலையிடத்தில் எல்லோரும் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அது ஐஸ் ஹொக்கிதான். ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி, இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்ற ஆண்டு 1967. யாராவது இந்த ஆண்டைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால் நீங்களும் சேர்ந்து விடலாம். அணியைத் திட்டுவதை மட்டும் வந்த புதிதில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அந்த உரிமை பழைய ரசிகர்களுக்கு உரியது.

முதல் ஆட்டத்தில் ஒன்றும் விளங்காது. 'பக்' என்னும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு கண்ணில் அகப்படவே செய்யாது. அதைத் தேடாதீர்கள். ஓர் அணிக்கு ஆறு பேர்: கோல் காப்பாளர், இரண்டு பின்கள வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள். பின்கள வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரை மட்டும் பாருங்கள். முக்கால் நிமிடத்தில் அவர் வெளியேறி இன்னொருவர் இறங்குவார். அவரை யாரும் தண்டிக்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக எல்லோரும் அப்படித்தான் மாறி மாறி இறங்குகிறார்கள். நல்ல பின்கள வீரர் அறுபது நிமிட ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தளத்தில் இருப்பார்.

அவருடைய வேலையில் பாதி பின்னோக்கியே நடக்கிறது. எதிரணி வீரர் தளத்தின் குறுக்கே உள்ள நீலக்கோட்டைத் தாண்டிப் பாய்ந்து வரும்போது, இவர் ஏறக்குறைய அதே வேகத்தில் பின்புறமாகச் சறுக்கிக்கொண்டு போகிறார். கண் பக்கின் மேல் இருக்காது, வருபவரின் மார்பின் மேல் இருக்கும். கை ஏமாற்றும், மார்பு ஏமாற்றாது. மட்டையை நீட்டி, நடுவழியை அடைத்து, ஆளைச் சுவர்ப்பக்கமாக ஒதுக்குகிறார். அதையும் மீறி கோலை நோக்கி அடி விழுந்தால், கிட்டத்தட்ட 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பரின் பாதையில் தன் உடம்பையே போடுகிறார். பக் மூலைக்குப் போனாலோ இன்னும் மோசம். மோத வருபவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்க வேண்டும். தோளுக்கு மேலாக ஒரு பார்வை, ஒரு விநாடி, ஒரு பாஸ். அந்தப் பாஸ் சரியாகப் போனால்தான் மறுமுனையில் கோல் விழும். மறுநாள் செய்தியில் கோலைத்தான் காட்டுவார்கள்.

இந்த வேலையை இந்த ஊரில் பதினாறு பருவங்கள் செய்தவர் போர்யே சால்மிங். ஒரே ஒரு வீரரைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் இவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இவரும் வந்து இறங்கியவர்தான். சுவீடனின் வடகோடியில் கிரூனா என்ற சுரங்க நகரத்துப் பக்கம் 1951இல் பிறந்தவர்; தந்தை வழியில், வட ஐரோப்பாவின் சாமி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். ஐந்து வயதில் தந்தையைச் சுரங்க விபத்தில் இழந்தார். 1973இல், இங்கெ ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற சக சுவீடன் வீரருடன் ரொறன்ரோவுக்கு வந்தார். அப்போது வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இல் ஐரோப்பியர்கள் மிகச் சிலரே. சுவீடன்காரர்கள் கோழைகள், அடித்தால் ஓடிவிடுவார்கள் என்பது எதிரணிகளின் எண்ணம். அதனால் மட்டையால் அடித்தார்கள், முழங்கையால் இடித்தார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். சால்மிங் ஓடவில்லை. ஆனால் அடி வாங்கிக் காட்டித்தான் மரியாதை பெற வேண்டியிருந்தது என்பதை ஒரு வீரக்கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆட்டத்தின் வெட்கக்கேடும் அதில் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளில் ஊர் அவர் பக்கம் வந்துவிட்டது. 1976இல் கனடா கிண்ணப் போட்டியில் அவர் சுவீடனின் சீருடையில், எதிரணி வீரராக, லீஃப்ஸின் அப்போதைய சொந்த அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இறங்கினார். பெயரை அறிவித்ததும் ரொறன்ரோ ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வந்த நாட்டுக்காக ஆடவில்லை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

லீஃப்ஸுக்காக 1,099 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் 148. கோலுக்கு வழிசெய்த பாஸ்கள் 620. அணியின் வரலாற்றிலேயே பாஸ் கணக்கில் அவர்தான் முதல். 1986இல் எதிரணி வீரரின் ஸ்கேட் கத்தி முகத்தைக் கிழித்து இருநூறுக்கு மேல் தையல் போட்டார்கள். மீண்டும் ஆட வந்துவிட்டார். ஸ்டான்லி கிண்ணம் கடைசிவரை கிடைக்கவில்லை. டிட்ராய்ட்டில் ஒரு பருவம் ஆடிவிட்டுச் சுவீடனுக்குத் திரும்பினார். 1996இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் சுவீடன்காரர் ஆனார். 2022இல் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் பேச்சைப் பறித்த நிலையில் நவம்பரில் ரொறன்ரோவுக்கு வந்தார். பழைய தோழர் டாரில் சிட்லர் அருகில் நின்று அவரது கையைத் தூக்கிப் பிடித்தார், அரங்கமே அழுதது. அதே மாதம் 24ஆம் தேதி இறந்தார்.

அவர் ஆடிய கார்டன்ஸ் கட்டடம் காலேஜ் சப்வே நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இப்போது கீழ்த்தளத்தில் பலசரக்குச் சந்தை. பழைய தளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தை, அலமாரிகளுக்கு இடையே தரையில் ஒரு சிவப்பு வட்டமாகக் குறித்திருக்கிறார்கள். பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இலவசமாகப் பார்த்துவிட்டு வரலாம். அவரது சிலை யூனியன் நிலையத்தை ஒட்டிய ஸ்கோஷியாபாங்க் அரங்கின் வெளியே இருக்கிறது.

பிள்ளை தானும் ஆட வேண்டும் என்று கேட்டால் முதலில் சறுக்கப் பழகட்டும். குளிர்காலத்தில் மாநகராட்சியின் திறந்தவெளித் தளங்களில் பொதுச் சறுக்கலுக்குக் கட்டணம் இல்லை. சைக்கிள் தலைக்கவசம் போதாது, ஹொக்கித் தலைக்கவசமே வேண்டும். ஸ்கேட் பழையதாக வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. சப்பாத்தைவிட ஒரு அளவு சிறியதாகத்தான் பெரும்பாலும் பொருந்தும், கத்தியைத் தீட்டிய பிறகே போட வேண்டும். வளர்ந்துவிடுவான் என்று பெரிதாக வாங்கிவிட்டால் கணுக்கால் மடங்கி, ஒரே நாளில் ஆசை விட்டுப்போகும்.

அணியில் சேர்ப்பது செலவுள்ள காரியம். உள்ளூர்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடும் ஹவுஸ் லீக் போதும். திறமை பார்த்து எடுக்கும் தேர்வு அணிகளுக்குப் போனால் பணமும் வார இறுதிகளும் கரைந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட் என்ற அறக்கட்டளை விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவுகிறது, விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள். தொழில்முறை வீரனாக்கும் கணக்கு மட்டும் வேண்டாம். பதினாறு வயதில் ஜூனியர் லீக், பதினெட்டில் என்.எச்.எல். அணிகளின் ஆள்தேர்வு என்ற அந்தப் படிக்கட்டில் ஏறி முடிப்பவர்கள் மிகச் சிலர்.

பயிற்றுநர் உங்கள் பிள்ளையைப் பின்கள வீரனாக நிறுத்தினால், மகனை ஒதுக்கிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் அங்கே நிறுத்துவார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்து "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று கத்தவும் வேண்டாம். அவன் முன்னுக்குப் போனால் பின்னால் ஆளில்லை. அரங்கின் உள்ளேயும் வெளியைப் போலவே குளிரும்: கம்பளியும் ஒரு பிளாஸ்க் தேநீரும் கொண்டுபோங்கள். லீஃப்ஸ் டிக்கெட் விலையைப் பார்த்து மயங்கி விழுந்தால், அதன் துணை அணியான மார்லீஸின் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போகலாம், விலை மிகக் குறைவு. தளத்துக்கு நெருக்கமாக உட்கார இடமும் கிடைக்கும்.