முதியோர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் உதவித்தொகை: பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நீங்கள் விண்ணப்பித்துக் கொடுப்பது எப்படி?

உங்கள் தெருவிலேயே அறுபது தாண்டிய, வருமானம் இல்லாத, கேட்க ஆளில்லாத ஒருவர் இருப்பார். அவருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை என்றால், பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல, ஆதாரில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் இன்னொரு பெயரும் இருப்பதால்தான், அல்லது ஓடிபி போகிற நம்பர் எப்போதோ செத்துப்போன சிம்மாக இருப்பதால்தான். இதைச் சரிசெய்ய வக்கீலோ புரோக்கரோ வேண்டாம். பொறுமையாகக் கூட வருகிற ஒரு ஆள் போதும். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன், முதல் தடவை செய்பவர்களுக்காக.

1. எந்தத் திட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல், மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் அதை 1,000-லிருந்து 1,200 ஆக்கினார்கள். 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஆதரவு இல்லாதவராக இருக்க வேண்டும், சொத்து மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது.

மாற்றுத்திறனாளி என்றால் வருவாய்த்துறை வழியாக வருகிற உதவித்தொகை தனி. அது 2023 ஜனவரியில் 1,500 ஆனது. இதற்கு யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது தனித்துவ அடையாள அட்டை முக்கியம். அது இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்த்து சதவீதம் போட்டுக் கொடுப்பார். சதவீதம் 75-க்கு மேல் இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்னால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை பற்றிக் கேட்டுவிடுங்கள். அது வேறு துறை, தொகையும் கூடுதல், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

முன்னாள் படைவீரர்களில் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான பதவியில் இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயதைத் தாண்டியவருக்கு மத்திய சைனிக் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கிற மத்திய அரசு அமைப்பு, வறுமை நிவாரணம் தருகிறது. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்க ஒப்புதல் கொடுத்தார்கள். இதற்குத் தாலுகா ஆபீஸ் போகவேண்டாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கோடு (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம்) போங்கள். அவர் இறந்துவிட்டால் அவருடைய மனைவிக்கும் இது உண்டு, தயவுசெய்து விசாரியுங்கள்.

2. காகிதங்களை ஒத்துப் பாருங்கள்

பாதி வேலை இதுதான். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து, பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, கதவு எண் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். ஒன்றில் முனியம்மாள், இன்னொன்றில் முனியம்மா, மூன்றாவதில் எம். முனியம்மாள் என்றிருக்கும். பல பெரியவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் பிறந்த தேதி இருக்கும், அது பரவாயில்லை, வருடம்தான் முக்கியம். ஆளைப் பார்த்தால் எழுபது, ஆதாரில் ஐம்பத்தெட்டு என்றால்தான் சிக்கல். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும், அதனால் சரியான ஆவணம் கையில் இல்லாமல் அவசரப்பட்டு அதில் கைவைக்காதீர்கள்.

அப்புறம் மொபைல் நம்பர். பேரன் பழைய சிம்மில் ஆதாரை இணைத்துவிட்டு ஊரை விட்டே போயிருப்பான். பெரியவர் கையிலேயே இருக்கிற நம்பராக ஆதாரில் மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஆதார் மையத்துக்குப் போகும்போதே கைரேகையும் புதுப்பித்துவிடுங்கள். காலமெல்லாம் நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை சுலபத்தில் விழாது.

பேங்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பல வருடம் வரவு செலவு இல்லாத கணக்கை முடக்கி வைத்திருப்பார்கள், பேங்கில் கே.ஒய்.சி. கொடுத்துத் திறந்து, ஆதாரையும் இணைக்கச் சொல்லுங்கள்.

3. இ-சேவை மையம்

பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கேன் நம்பர், அதாவது இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தருகிற பதிவு எண் போடுவார்கள், அதற்கு ஓடிபி வரும். பிறகு விண்ணப்பம், போட்டோ, ஸ்கேன். சமர்ப்பிப்பதற்கு முன்னால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எழுத்துகளையும் பாஸ்புக்கை வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும், ஆணை வந்த பிறகும் பணம் வராது. கட்டணம் பலகையில் போட்டிருக்கும், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீதை வாங்கி, விண்ணப்ப எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. விசாரணை

விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தாரிடம் போகும். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வரும்போதோ, கூப்பிட்டு விசாரிக்கும்போதோ, பதிலைப் பெரியவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பிள்ளைகள் இருக்கிறார்களா, பார்த்துக்கொள்கிறார்களா, நிலம் இருக்கிறதா என்பார்கள். இருக்கிற மகனை இல்லை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள், ரேஷன் கார்டில் பெயர் இருக்கும், மாட்டிக்கொள்வது பெரியவர்தான். மகன் இருக்கிறான், பத்து பைசா தருவதில்லை என்றால் அதை அப்படியே சொல்லட்டும். மகன் குடும்பத்துக் கார்டிலேயே பெயர் இருந்து உண்மையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் என்றால், அவருக்குத் தனிக் கார்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

"நானே முடித்துத் தருகிறேன், ஆயிரம் ரெண்டாயிரம் ஆகும்" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் வருவார். வேண்டாம். அந்தப் பணம் பெரியவருக்கு ஒரு மாத அரிசி, பருப்பு, மாத்திரை.

5. தள்ளுபடி ஆகிவிட்டால்

என்ன காரணம் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். காகிதக் குறை என்றால் சரிசெய்து மறுபடி போடலாம். விசாரணை சரியில்லை என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பழைய விண்ணப்ப எண்ணை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். அலையமுடியாதவர்களுக்கு 1100-க்குப் போன் போட்டு முதல்வரின் முகவரி என்ற அரசின் குறைதீர் பிரிவில் புகாரைப் பதியலாம். முதியோருக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

6. பணம் வர ஆரம்பித்த பிறகு

முதல் இரண்டு மூன்று மாதம் கூடவே போய் பாஸ்புக்கில் வரவு போட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். சில ஊர்களில் வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்து பணம் தருவார். மெஷினில் வருகிற சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ரேகை வைத்துவிட்டு "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்றால் அன்றே பாஸ்புக்கைப் பார்த்துவிட வேண்டும். ஏ.டி.எம். கார்டு உங்களிடம் இருக்கக்கூடாது, எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும். உதவித்தொகை நின்றுபோகும் என்று பயமுறுத்தி யாராவது போனில் ஓடிபி கேட்டால், எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லி, உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் அவர் வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.